கஞ்சி இறங்கிய கறுப்பு

ஐயாதுரை வீட்டுத் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சீவியும் இருக்கிறார்கள். புதுமனைப் புகுவிழாவுக்கு வந்த கூமாப்பட்டிச் சொந்தக்காரர் ஒருவர், பந்திக்குப் போகும் முன் ஹாலில் குனிந்து நின்று வகிடு எடுத்ததை ஐயாதுரை இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்வார். அந்த வீட்டுக்குக் கிடைத்த விருதுகளில் அதுதான் மூத்தது. ஐயாதுரை மட்டும் அந்தத் தரையில் குனிந்து பார்ப்பதில்லை. அமுக்கி விட்ட பணியாரம் போல அவருக்கு ஒரு மூக்கு. அவர் கல்யாணத்தன்று பெண்ணின் அக்காமார் அதற்கு வைத்த பெயரும் பணியாரம்தான்.

வெள்ளை மீது அவருக்கு ஆசை என்று சொன்னால் போதாது. அது கொள்கை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் அவருடைய தறிகள் ஓடுகின்றன. காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி நெய்கின்றன. காடாத் துணியை வெளுத்து, கஞ்சி போட்டு, உருளையில் விட்டுப் பளபளவென்று மடித்து அனுப்பியே மனிதர் முன்னுக்கு வந்தவர். சட்டை வெள்ளை, வேட்டி வெள்ளை, கார் வெள்ளை. வீட்டு நாய் ராஜபாளையம் ஜாதி என்பதால் அதுவும் வெள்ளை. கறுப்பு என்ற நிறத்தைத் தலைமுடியில் மட்டும் அனுமதித்திருந்தார். அதையும் மாதாமாதம் டப்பாவிலிருந்து எடுத்துத் தடவ வேண்டியிருந்தது.

மாடியில் ஹோம் தியேட்டர். "ராஜபாளையத்துலயே மொதல்" என்பார். பக்கத்துத் தெருவில் ஒரு மில் முதலாளி வீட்டில் அவருக்கு முன்பே இருப்பதை ஞாபகப்படுத்தியவர்கள் அப்புறம் அழைக்கப்படவில்லை. சுவர் வெள்ளை. தரை வெள்ளை டைல். கூரையில் பொன் விளிம்பு வைத்த வெள்ளைப் பூ வேலை. சாய்வு நாற்காலிகளின் பாலிதீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் புதுசு போய்விடும். படம் போட்டால் வெளிச்சத்தில் பாதிதான் திரைக்கு, மீதி அறைக்கு. கதாநாயகன் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் போல வெளிறிப்போய்ச் சண்டை போடுவான். வந்தவர்கள் "சூப்பர் அண்ணாச்சி" என்று சொல்லி முறுக்கைத் தின்றுவிட்டு இறங்கிப் போனார்கள்.

அவர் மனைவி ஞானபாக்கியத்துக்குச் சர்க்கரை. அது கண்ணுக்கு இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. மாதாமாதம் மதுரைக்குப் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தான் டப்ளினில் நர்ஸாக இருக்கும் மகள் ஜாஸ்மினின் பிரசவத்துக்குப் போக முடியவில்லை. மாப்பிள்ளை பிரேம்குமாரின் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போய்விட்டு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? பிள்ளை அச்சு அசலாகத் தன் வீட்டு ஜாடை என்று தேரடி முதல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவிட்டார். இங்கே கொண்டுவந்து கொடுத்த பால்கோவாவோடு அந்தச் செய்தியையும் கொடுத்தார். ஞானபாக்கியம் இரண்டையும் வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து கோழிக்குழம்பும் சோறும் ஆகியிருந்தது. சஞ்சீவி மலையை மேகம் மூடிவிட்டது, தெருவில் சாரல். முன்னறையில் ஞானபாக்கியம் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பேரனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏலே ராசா... ஆச்சியப் பாத்தாச் சிரிக்க? என்னா முழி முழிக்கான் பாரேன்! களவாணிப் பய!"

ஐயாதுரை காப்பியோடு பின்னால் வந்து நின்றார். அவர் வருவது அவளுக்கு வேட்டிக் கஞ்சியின் சரசரப்பிலேயே தெரிந்துவிடும். திரும்பாமலே சொன்னாள். "ஏங்க, பாத்தியளா? அப்படியே எங்க அப்பா நெத்தி."

ஐயாதுரை பார்த்தார். போனில் பிள்ளை இல்லை. ஒரு நீலத் துண்டு சுருண்டு கிடந்தது. அதற்குப் பின்னால் கட்டில் விளிம்பு. ஜாஸ்மின் பால் கலக்கப் போயிருக்க வேண்டும். சாய்த்து வைத்த போன் சரிந்துவிட்டது. 'ங்கா, ங்கா' என்ற சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

"பாத்தேன்" என்றார். பெருமை கலக்காமல் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

பேச்சு முடிந்து போனை மடியில் வைத்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். காப்பியில் ஆடை கட்டிவிட்டது.

"பாக்கியம்."

"என்ன?"

"பிள்ளை என்ன கலருல சட்டை போட்டிருந்தான்?"

"நீலம்."

"அது துண்டுட்டி."

சாரலில் நனைந்த நாய் வந்து ஞானபாக்கியத்தின் காலடியில் உடம்பை உதறியது. அவள் அதைக்கூட விரட்டவில்லை.

"சத்தம் கேட்டுச்சே" என்றாள். "அவன்தான்னு நெனச்சேன்."

"எத்தன நாளா இப்படி?"

"அவன் பொறந்ததுல இருந்து."

"அப்ப நெத்தி, கண்ணு, வாயின்னு நீ சொன்னதெல்லாம்?"

"எல்லாப் பிள்ளைக்கும் நெத்தி இருக்கும்லா? கண்ணு இருக்கும்லா? தெரியலைன்னு சொன்னா அவ அங்க ஒத்தையில கெடந்து அழுவா. பச்ச ஒடம்புக்காரி."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்டச் சொன்னா நீங்க ஊருல இருக்க பெரிய டாக்டரு பேரெல்லாம் சொல்லி, அவுங்கள்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கம்பிய. எனக்குத் தெரிய வேண்டியது டாக்டரு மூஞ்சியா?"

ஐயாதுரை நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "இருட்டாவா இருக்கு?"

"இருட்டா இருந்தாத் தேவலையே. வெள்ளையா இருக்கு. எல்லாத்து மேலயும் உங்க காஸ் துணிய விரிச்சாப்ல."

துணி என்றதும் பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. "எத்தன மடிப்பு?"

அவளும் துணிக்காரன் பெண்டாட்டிதானே. யோசித்துத்தான் சொன்னாள். "போன வருசம் ஒரு மடிப்பு. இப்ப ரெண்டு. வெளிச்சம் பளீர்னு அடிச்சா மூணு. இந்தத் தரையில நடந்தா அம்புட்டுத்தான், தண்ணி கொட்டிக் கெடக்குற மாதிரியே இருக்கும். காலத் தேச்சுத் தேச்சுத்தான் போறேன்."

'தண்ணி கெடக்குற மாதிரியே இருக்கு' என்று அவள் பலமுறை சொல்லி ஐயாதுரை கேட்டிருக்கிறார். வந்தவர்களிடம் அதையும் சொல்லியிருக்கிறார்.

"நீ தரைய மெச்சுதன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எதச் சொன்னாலும் மெச்சுற மாதிரித்தான கேக்கும்."

அன்றைக்கு அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனவர், சீனி டப்பாவின் கழுத்தில் ஒரு காஸ் துணி நாடா கட்டியிருப்பதைப் பார்த்தார். உப்பு டப்பாவுக்கு இரண்டு முடிச்சு. மாடிப்படிக் கைப்பிடி முடிகிற இடத்தில் ஒன்று. அவர் தறியில் நெய்த துணிதான். கை தடவி அடையாளம் காண வீடு முழுக்கக் கட்டு போட்டு வைத்திருந்தாள். இவ்வளவு நாளும் அதன் மேல் கை வைத்துத்தான் ஏறி இறங்கியிருக்கிறார்.

போனில் தெரியாதது பெரிய திரையில் தெரியுமல்லவா? மறுநாளே அவளை மாடிக்குக் கூட்டிப்போய், ஜாஸ்மின் அனுப்பியிருந்த பிள்ளையின் படத்தைத் திரையில் போட்டார். சுவர் அகலத்துக்குப் பேரன்.

"தெரியுதா?"

"வெள்ளையா இருக்கு. பெரிய வெள்ளை."

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போனது. தியேட்டரை அமைத்துக் கொடுத்த ஆல்வின் அங்கேதான் கடை வைத்திருக்கிறான். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவன். இப்போது அவன் கார்டில் 'ஹோம் சினிமா கன்சல்டன்ட்' என்று இருக்கிறது. மழையில் சொட்டச் சொட்டக் குடையோடு வந்தான். வந்ததும் நடு அறையில் நின்று இரண்டு தரம் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"அண்ணாச்சி, எக்கோ இருக்கு."

"கோளாறு காதுல இல்லலே, கண்ணுல" என்று விஷயத்தைச் சொன்னார் ஐயாதுரை.

கன்சல்டன்ட் கொஞ்ச நேரம் மைக் செட்காரனாகிவிட்டான். ஞானபாக்கியத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஸ்க்ரீன்ல விழுற வெளிச்சம் அங்கயே நிக்காது. சீலிங்குக்குத் தெறிக்கும். சீலிங் தரைக்கு அனுப்பும், தரை சொவத்துக்கு அனுப்பும், சொவரு திரும்ப ஸ்க்ரீனுக்கே அனுப்பும். இந்த ரூம்ல எல்லாமே வெள்ளை, எல்லாமே பளபளப்பு. படத்துல கறுப்பா இருக்க வேண்டிய எடமும் வெளுத்துப்போவுது. கறுப்பு இல்லன்னா புருவம் ஏது, கண்ணு ஏது?"

"எனக்கே சரியாத் தெரியலடே, நானும் சொல்லல" என்றார் ஐயாதுரை. இதை அவர் சொன்னது பெரிய விஷயம், ஆல்வின் கவனிக்கவில்லை. அவன் குடையை விரித்துக்கொண்டிருந்தான். கறுப்புக் குடை. திரையின் இடது ஓரத்தில் போய், கூரைப் பூவேலைக்கும் திரைக்கும் நடுவில் மறைப்பது போல உயர்த்திப் பிடித்தான். குடை நீர் வெள்ளை டைலில் சொட்டியது. ஐயாதுரை பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஞானபாக்கியம் கழுத்தை நீட்டினாள். "இரு இரு. ஆட்டாத. அந்த ஓரத்துல மட்டும்... என்னமோ வளைவா இருக்கு. காதா அது?"

காதுதான். ஒரு குடை அகலத்துக்குப் பிள்ளையின் காது.

"குடையவே நூறு வாங்கிருவமா?" என்றார் ஐயாதுரை.

"வேண்டாம் அண்ணாச்சி. கறுப்புத் துணி போதும். சொவரு, சீலிங், தரை எல்லாம். வெல்வெட்டுன்னா ஒசத்தி, வெளியூருல இருந்துதான் வரணும், செத்த நாளாகும்."

"நாளாகும்" என்ற சொல்லில் அவருக்கு மனைவியின் கண்ணில் விழப்போகும் மூன்றாவது மடிப்பு தெரிந்தது. அன்று சாயங்காலமே பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனார். கார்த்திகை மாதத்தில் கறுப்புத் துணி கேட்டுப் போனால் என்ன நடக்கும் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

"கறுப்புத் துணி இருக்கா?"

கடைக்காரர் எழுந்து கும்பிட்டார். "வாங்க சாமி. கன்னிச்சாமியா?"

"யோவ், நான் சர்ச் கமிட்டி மெம்பரு."

"அதுக்கென்ன சாமி? மலைக்கு எல்லாரும்தான் போறாக. வேட்டியா, துண்டா?"

"சொவத்துக்கு வேணும்யா! நீளமா!"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வீட்டுல ஏதும் காரியமா அண்ணாச்சி?"

ஐயாதுரை ஒன்றும் வாங்காமல் இறங்கினார். காரில் ஏறும்போது அவருக்கு ரோஷம் வந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் துணி கொடுக்கிறவன் இன்னொருவன் கடையில் போய்த் துணிக்கு நிற்பதா? கார் சத்திரப்பட்டிக்குத் திரும்பியது. துணி விஷயத்தில் தன்னை விடத் தெரிந்தவர் எவருமில்லை என்ற நம்பிக்கை காரை விட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

தறிப்பட்டறையில் மேஸ்திரி இருளப்பசாமி. இருபது வருஷமாக ஐயாதுரை அவரை "ஏலே இருளப்பா" என்றுதான் கூப்பிடுவார். மாலை போட்டிருக்கிறவரை அப்படிக் கூப்பிட முடியாது. சர்ச் கமிட்டி மெம்பராகவே இருந்தாலும் பட்டறை வழக்கத்தை மீற முடியாது. கார்த்திகையில் மட்டும் அந்தப் பட்டறையில் முதலாளி தொழிலாளியைச் சாமி என்பார்.

"சாமி, நம்ம துணியில கறுப்புச் சாயம் ஏத்தணும்."

"காஸ்லயா மொதலாளி? ஓட்ட ஓட்டயால்லா இருக்கும். சொவரு தெரியும்."

"நாலு மடிப்பாப் போடுங்க சாமி."

"சாயம் ஏத்துனா துவண்டுபோவுமே."

"கஞ்சி போடுங்க. உருளையில விடுங்க. பாக்குறவன் இது யாரு துணின்னு கேக்கணும்."

"கெட்டியாவே போட்டுருதேன் மொதலாளி. தொங்குனா வெறப்பா, பலகையாட்டம் நிக்கும்."

இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

துணி வந்தது. ஆல்வினும் இருளப்பசாமியும் ஏணி போட்டு ஏறினார்கள். கூரையின் பொன் பூக்கள் ஒவ்வொன்றாக மறைந்தபோது ஐயாதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலையும் மூடினார்கள். நாற்காலி உறைகளை அவரே உரித்தார். பாலிதீன் கிழிகிற சத்தம் கீழ்த் தெரு வரை கேட்டது. தரையிலும் துணி விரித்து ஓரத்தைத் தைத்தாயிற்று. ஞானபாக்கியத்தைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தரையில் அவள் காலைத் தேய்க்காமல் நடந்தாள்.

ப்ரொஜெக்டரைப் போட்டதும் அறை மினுங்கியது. எண்ணெய் தேய்த்து நிறுத்திய எருமை போலச் சுவர் நாலு பக்கமும் மின்னியது. கஞ்சியும் உருளையும் சேர்ந்து கறுப்பைக் கண்ணாடி ஆக்கியிருந்தன. கூரையில் இன்னொரு பேரன் தலைகீழாக மங்கலாகத் தெரிந்தான்.

"இப்ப?" என்றார் ஐயாதுரை. கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

ஞானபாக்கியம் கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். துணியை விரல்களுக்கு நடுவில் வைத்துக் கசக்கினாள். மொடமொடவென்றது.

"ஏங்க, இது உங்க சட்ட மாதிரி இருக்கே."

"கஞ்சி."

"கஞ்சியா?"

"கஞ்சி இல்லாம துணி எப்படிட்டி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"பளபளன்னுதான் இருக்கணும்னா வெள்ளையாவே விட்டுருக்கலாம்லா?" அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "காது தெரிஞ்சிச்சே. அது போதும் விடுங்க. எறக்கிப் போடுங்க எல்லாத்தையும்."

இருளப்பசாமி ஏணியில் உட்கார்ந்தபடியே சொன்னார். "தப்பு எம்மேலதாம்மா. நாந்தான் கெட்டியாப் போட்டேன்."

"நீங்க கெட்டியாப் போட்டிய, நான் போடச் சொன்னேன்" என்றார் ஐயாதுரை. "எறக்குங்க சாமி. ஏத்துன கஞ்சிய எடுக்கத் தெரியாதா நமக்கு?"

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கொல்லையில் மூன்று கல் வைத்து, கல்யாண வீட்டு அண்டா ஒன்றை ஏற்றினார்கள். கொதிக்கிற தண்ணீரில் துணியை முக்கி, கம்பால் புரட்டி, தொட்டியில் போட்டு இருளப்பசாமி மிதித்தார். ஐயாதுரையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதலாளி ஆவதற்கு முன் அவர் காலும் தொட்டியில் நின்றதுதான். கால் மறக்கவில்லை, இடுப்புதான் மறந்துவிட்டது. ஞானபாக்கியம் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பிழிந்த துணி ஒவ்வொன்றும் அவள் கைக்கு வந்தது. கட்டைவிரலால் வருடிப் பார்ப்பாள்.

"இன்னும் இருக்கு. முக்குங்க."

"இதுலயா? நல்லாப் பாரு."

"பாக்கதான செய்தேன்? முக்குங்க."

இதற்கு அவளுக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் அவள் சொல் இப்படி நடந்து நாளாயிற்று. இருளப்பசாமி விரதச் சாப்பாட்டுக்காரர் என்பதால் அவருக்கென்று புதுச் சட்டியில் வெண்பொங்கல் வைத்திருந்தாள். மற்றவர்களுக்கு முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு. கொல்லையின் ஒரு மூலையில் அவர், மறுமூலையில் ஐயாதுரை. நடுவில் ஆவி பறக்க அண்டா.

கறுத்த தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தெருவுக்குப் போனது. எதிர்வீட்டு ராஜம்மா வாசலில் வந்து நின்று, "ஏமண்டி, ஏமி இதி?" என்று தெலுங்கில் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லாததால் தமிழிலும் கேட்டார். "வெள்ளத் துணிக்காரரு வீட்டுல இருந்து கறுப்புத் தண்ணி வருதே, மில்லு கில்லு கைமாறிருச்சா?"

துணியை மொட்டைமாடியில் காயப் போட்டார்கள். மலைக்காற்றில் கறுப்புத் துணிகள் நாலு பக்கமும் படபடத்தன. தென்காசி ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரிந்திருக்கும். மதியம் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஞானபாக்கியத்தின் தம்பி இம்மானுவேல் சுந்தரபாண்டியத்தில் வெள்ளாமை பார்க்கிறவன். வயல் சேறு காலில் இருக்க, செருப்பு இல்லாமல் உள்ளே ஓடிவந்தான். கொல்லையில் முக்காலி மேல் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே அவள் மடியில் விழுந்து அழுதான்.

"ஏலே, என்னடே? வயலுக்கு ஏதும்...?"

"உனக்கு ஒண்ணும் இல்லையாக்கா?"

"எனக்கு என்ன? கஞ்சி எடுக்கோம்."

இம்மானுவேல் எழுந்தான். தொட்டிக்குள் நின்ற ஐயாதுரையைப் பார்த்தான். "அத்தான், உங்க மாடியில கறுப்பு கட்டியிருக்குன்னு ஊரு பூராப் பேசுது. ஒரு போன் போடக் கூடாதா? எதுக்குக் கறுப்பு?"

"சினிமா பாக்க" என்றார் ஐயாதுரை.

இம்மானுவேலிடம் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டியில் இறங்கினான். ஆட்டோவில் ஒரு ரோஜா மாலை இருந்தது. அதை அவன் கடைசி வரை இறக்கவில்லை.

காய்ந்து வந்த துணியில் பளபளப்பு இல்லை, விறைப்பு இல்லை, முதலாளி இல்லை. துவண்டு, சொரசொரத்து, பழைய பாவாடை போல இருந்தது. அதைத்தான் திரும்பவும் கட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு எல்லார் வீட்டிலும் நட்சத்திரம் தொங்கியது. ஐயாதுரை வீட்டில் இந்த வருஷம் அதை யாரும் நினைக்கவில்லை. ஆராதனையில் பாஸ்டர் வீட்டைப் பற்றி விசாரித்தார்; பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் ஐயாதுரை சொன்னார். மத்தியானம் மூன்றரைக்கு, அங்கே காலை வெயில் வந்தபிறகு, ஜாஸ்மின் கூப்பிடுவதாக ஏற்பாடு. ஞானபாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இம்மானுவேல். முன்னால் முக்காலியில் போன். ஐயாதுரை திரையின் வலது பக்கம், எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி போல நின்றுகொண்டார். ஆராதனைக்குப் போட்ட சட்டை, வேட்டி.

கதவைச் சாத்தினார்கள். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. எங்கே முடிகிறது என்று தெரியாத இருட்டில் திரை மட்டும் மிதந்தது. ஜாஸ்மினின் தோள் வந்தது. அப்புறம் பிள்ளை.

ஞானபாக்கியம் இமையை இறுக்கி, விரித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"தெரியுதாக்கா?" என்றான் இம்மானுவேல்.

"வருது... செத்த இருலே. வலப் பக்கம் ஒரு வெளிச்சம் அடிக்கு. பெருசா, வெள்ளையா, உசரமா. அது வந்து வந்து மறைக்கு. என்னது அது?"

ஐயாதுரை பதறிக் கூரையைப் பார்த்தார். துணி சரியாக இருந்தது. ஜன்னலைத் தடவினார். தரையைக் காலால் துழாவினார். "ஒண்ணும் இல்லையே. எங்கட்டி?"

"இப்ப அது ஆடுது" என்றாள் ஞானபாக்கியம்.

இம்மானுவேல் தொண்டையைச் செருமினான். "அத்தான், அது நீங்கதான்."

ஐயாதுரை தன்னைக் குனிந்து பார்த்தார். திரை வெளிச்சம் முழுவதையும் அவர் சட்டை வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக் கஞ்சி. அறை மூலைக்குப் போனார். மிச்சத் துணி ஒரு சுருளாக அங்கே கிடந்தது. அதை எடுத்துக் கழுத்திலிருந்து கால் வரை போர்த்திக்கொண்டார். தலை ஏற்கெனவே கறுப்புதான். அந்த டப்பா முதன்முறையாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். சரசரப்பு இல்லாததால் அவர் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. கையைத் தேடித் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

"ஏங்க."

"ம்."

"எங்க அப்பா நெத்தி இல்ல."

"ம்."

"சம்பந்தியம்மா சொல்லுத ஜாடையும் இல்ல. அவிய வீட்டுல யாருக்கும் இப்படிக் கெடையாது."

"எப்படி?"

"மூக்கு." அவள் பிடி இறுகியது. "அய்யோ ஏசுவே... பணியாரம்! இம்மானுவேலு, பாருலே, அமுக்கி விட்ட பணியாரம்! அப்படியே உங்க மூக்குங்க. பாவம், பிள்ள என்னா பாவம் பண்ணிச்சு!"

அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, துடைத்தால் பிள்ளை மறைந்துவிடும் என்று துடைக்காமல் சிரித்தாள். ஐயாதுரை இருட்டில் யாருக்கும் தெரியாமல் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எத்தன மடிப்பு?" என்றார்.

"ஒண்ணு." கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணுக்கும் கொறச்ச."

திரையில் ஜாஸ்மின் நெற்றியைச் சுருக்கினாள். "யம்மா? என்ன சிரிப்பு? அங்க ஒண்ணுமே தெரியலையே, ஒரே கறுப்பா இருக்கு. கரண்டு போயிருச்சா? லைட்டப் போடுங்க. அப்பா எங்க?"

ராஜபாளையத்திலேயே முதல் என்று சொல்ல ஐயாதுரைக்கு வாய் வரை வந்தது. "இங்கதான்ட்டி இருக்கேன்" என்று மட்டும் சொன்னார், துணிக்குள்ளிருந்து.

"லைட்டெல்லாம் வேண்டாம்ட்டி" என்றாள் ஞானபாக்கியம். "பிள்ளையக் கிட்டக் கொண்டா. இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டா."